விடைக்கட்டம் மட்டும் போதாது

கும்பகோணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நீங்கள் தொடங்கியிருக்கும், குறிப்பு வாக்கியத்துக்குள்ளேயே விடைக்கு வழியை ஒளித்து வைக்கும் பூடகக் குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றிப் போன வாரம் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ‘புரியவில்லை என்று வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள், பழைய முறைக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறோம், உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். தயவுசெய்து திரும்ப வேண்டாம். புரியவில்லை என்பவர்களின் குறையும் நியாயமானதுதான். நீங்கள் அடுத்த வாரம் வெறும் விடைக்கட்டத்தை, அதுவும் தலைகீழாக, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் போடுகிறீர்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய முறை. அதில் என்ன இருந்தது? ‘சேரர் தலைநகர்’, ‘ஒரு நடிகை’, ‘காய்களில் ஒன்று’. சொல் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் ‘குழம்பியுள்ளார்’, ‘திரும்பியுள்ளது’, ‘கடைசி எழுத்து இல்லை’ என்று ஒரு வால். நடிகையைக் குழப்பிக் கட்டத்துக்குள் திணித்துவிட்டு அதைப் புதிர் என்று சொல்வதை நான் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை. புதிர் கட்டுபவருக்குச் சொல் பொருந்தவில்லை என்பதற்குத் தண்டனை வாசகருக்கா? பூடகக் குறிப்பில் கட்டத்துக்குள் போவது நல்ல, முழுச் சொல். குழப்பம் எல்லாம் குறிப்போடு சரி.

உங்கள் புதிரில் வந்து பலரைக் கோபப்படுத்திய குறிப்பையே எடுத்துக்கொள்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது விடைக்கு எத்தனை எழுத்து என்ற கணக்கு.

‘முருகன் ஏந்துவதைச் செய்தால் சம்பளம் (2)’

இதற்கு ஒரு வாசகர், முருகன் ஏந்துவதைச் செய்கிறவர் கொல்லர்தானே, ‘கொல்லர்’ நாலு எழுத்து ஆயிற்றே என்று கடிதம் எழுதியிருந்தார். இன்னொருவர், கடவுளையும் சம்பளத்தையும் ஒரே வரியில் எழுதியது தகுமா என்று கேட்டிருந்தார். இருவருமே வாக்கியத்தை வாக்கியமாகப் படித்திருக்கிறார்கள். புதிர் கட்டியவர் விரும்பியதும் அதுதான். ‘ஏந்துவதை’ என்ற இடத்தில் வாக்கியத்தை ஒடியுங்கள். முருகன் ஏந்துவது வேல். ஏந்துவதை என்றால் வேலை. ஒடித்த மிச்சம், ‘செய்தால் சம்பளம்’. அதுவும் வேலை. இரண்டு பாதியும் ஒரே சொல்லைக் காட்டுகின்றன. நடுவில் நிற்கும் அந்த ‘ச்’ இருக்கிறதே, ஒடிய வேண்டிய இடத்தில் சந்தி போட்டு ஒட்டவைத்து நம் கண்ணை மறைப்பது அதுதான். இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியதற்கே ஏமாந்து போகிறோம்!

இந்த விளையாட்டுக்குத் தமிழில் ஒரு குடும்பமே உண்டு. காலை, மாலை, பாலை, வேலை என்று இரண்டாம் வேற்றுமை ஏறிய சொல் எல்லாம் இன்னொரு சொல்லாக நிற்கும். ‘பெருமாளைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் (2)’ என்றால் மாலை. மாலை என்றால் திருமாலை, கழுத்தில் போடுவதும் மாலை. ‘சமுத்திரத்தை வறுத்துக் கொறிக்கலாம் (3)’ என்றால் கடலை. இந்த மூன்றும் ஆங்கிலத்திலிருந்து இறக்கியவை அல்ல, இறக்கவும் முடியாது. அங்கே வேற்றுமை உருபு சொல்லோடு இப்படி ஒட்டுவது கிடையாது.

நான் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2013 ஜூலையோடு தந்தியே ஓய்வு பெற்றுவிட்டது. இரவுப் பணியில் தந்திகள் வருவது ஓய்ந்த நேரத்தில் ஆங்கிலத் தாளின் குறுக்கெழுத்துதான் எங்களுக்குத் துணை. எங்கள் மேற்பார்வையாளர் தஞ்சாவூர்க்காரர், வெற்றிலைச் செல்லத்தோடு வருவார். ‘தி இந்து’வில் 1970களில் அந்தப் புதிரைக் கட்டியவர் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. நம் செங்கல்பட்டில் பிறந்தவர். இதை மேற்பார்வையாளர் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. கப்பல் ஓட்டியவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்டோம். “கடலில் நேரம்தானய்யா இருக்கும்” என்றார்.

அவர் விடையை ஒருபோதும் சொல்ல மாட்டார். “சொல்லைத் தேடாதே, வாக்கியம் எங்கே ஒடியும் பார். பொருள் ஒன்று முதலில் இருக்கும், இல்லை கடைசியில் இருக்கும், நடுவில் இருக்காது” என்பார். இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் இன்றும் காலத்தை ஓட்டுகிறேன். மறுநாள் எங்கள் கைக்கு வரும் தாளில் விடைக்கட்டம் மட்டும் இருக்கும். விடை தெரியும், காரணம் தெரியாது. அவர் விடுப்பில் போன வாரங்களில் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். விடை கையில் இருந்தும் தூக்கம் வராது. உங்கள் வாசகர்கள் இப்போது இருக்கும் நிலை அதேதான், அவர்களுக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளரும் இல்லை.

மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

எழுத்துகளைக் கலைப்பது ஒன்று. ‘குழம்பிப்போன நகரம் பாவிகளின் இருப்பிடம் (4)’. குழம்பிப்போன என்றால் கலைத்துப் போடு என்று ஆணை. ந, க, ர, ம் நாலையும் மாற்றி அடுக்கினால் நரகம். போக்குவரத்து நெரிசலில் நின்றவர்கள் இதைக் குறிப்பு என்றே நினைக்க மாட்டார்கள், செய்தி என்று நினைப்பார்கள்.

தலை, இடை, கடை என்று வந்தால் எழுத்தைக் கவனிக்க வேண்டும். ‘மன்னன் தலையோடு வெள்ளைக்காரர் புகுந்த ஊர் (3)’. மன்னனின் தலை ‘ம’. வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் ‘துரை’. ஊர் மதுரை. ரத்தம் சிந்தாத வெட்டு.

ஒளித்து வைப்பது இன்னொன்று. எனக்கு இதுதான் மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விடை கண்ணுக்கு முன்னாலேயே அச்சாகியிருக்கும். ‘அம்மா லைட்டைப் போட்டாள், உள்ளே பொழுது சாயும் நேரம் (2)’. படித்தவுடன் கூடத்தில் விளக்கெரியும் ஒரு வீடுதான் மனத்தில் வருகிறது. ‘உள்ளே’ என்பது வீட்டுக்குள்ளே இல்லை, எழுத்துக்குள்ளே. அம்மா, லைட்டை என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். ‘மா’வும் ‘லை’யும் தோளோடு தோள் நிற்கின்றன. பெருமாளிடம் கிடைத்த அதே மாலை இங்கே வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது.

திருப்பிப் போடுவதும் உண்டு. ‘சிவா திரும்பி வந்ததும் படி (2)’. ஒன்பதாவது படிக்கும் என் பேத்தியிடம் இதைக் கொடுத்தேன்.

“யாரு தாத்தா சிவா?”

“யாரா இருந்தா உனக்கென்ன, திருப்பு.”

“அவன் வந்தப்புறம் எதைப் படிக்கணும்?”

“அதைத்தான் கேக்கறேன்.”

கணக்கு நோட்டின் ஓரத்தில் ‘சிவா’ என்று எழுதி, அதற்கு நேர் கீழே பின்னாலிருந்து எழுதினாள். வாசி என்று வந்தது. ஒரு நொடி விழித்துவிட்டு, “படின்னா வாசியா! நான் மாடிப்படின்னு நெனச்சேன்” என்று கத்தினாள். சமையலறையிலிருந்து அவள் பாட்டி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். சித்தர் பாடல் படித்தவர்களுக்கு வாசியும் சிவாவும் பழைய உறவு, அவர்கள் உடனே போட்டுவிடுவார்கள். பேத்திக்கு அது தெரியாது. தெரியாமலேயே வழி கண்டுபிடித்தாள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒலியை வைத்து வரும் குறிப்புதான் சண்டையில் முடியும். ‘நாக்குப் புரளாதவர் சொல்லும் மழையில் ஏறலாம் (2)’ என்று வந்தது. விடை மலை. எங்கள் தெருவில் குடியிருக்கும் மதுரைக்காரர் விடவில்லை. “எங்க ஊர்ல நாக்குப் புரளாதவன் மளைன்னுதான் சொல்லுவான், மலை எங்கருந்து வந்துச்சு?” என்றார். அவர் சொல்வது நியாயம். யாருடைய நாக்கு என்று சொல்லாமல் ஒலிக்குறிப்பு எழுதக் கூடாது.

இங்கேதான் விளக்கம் அச்சிடுவதன் இன்னொரு பயன் வருகிறது. விளக்கம் வாசகருக்கு மட்டும் உரியதில்லை, புதிர் கட்டுபவரைக் கட்டிப்போடுவதும் அதுதான். காரணத்தை எல்லாரும் பார்க்க எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் அரைகுறைக் குறிப்பு எழுதக் கை வராது. உங்கள் புதிரில் வந்த இன்னொன்று: ‘இடை மெலிந்த பாயசம் தாயின் அன்பு (3)’. படிக்க எவ்வளவு அழகு! விடை பாசம் என்று நானும் போட்டேன். ஆனால் பாயசத்துக்கு நாலு எழுத்து. இடையில் நிற்பது ‘ய’, ‘ச’ என்று இரண்டு. எது மெலிந்தது? ‘ச’ போனால் பாயம் என்று ஒன்றுமில்லாதது வரும், ஆகையால் ‘ய’ என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். குறிப்பு செய்ய வேண்டிய வேலையை வாசகர் செய்கிறார். ‘இடை மெலிந்த’ என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொண்ட புதிர்க்காரர், அடுத்த வாரம் ‘பாயசம், ய நீங்கியது’ என்று கைப்பட எழுத வேண்டியிருந்தால் இன்னொரு முறை யோசித்திருப்பார் அல்லவா?

லண்டனில் ‘அப்சர்வர்’ என்ற ஞாயிறு தாள் இருக்கிறது. 1926இல் அங்கே டார்க்கமாடா என்ற புனைபெயரில் எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் இந்தப் பூடக வகையைக் கொடுமையான உச்சத்துக்குக் கொண்டுபோனார். டார்க்கமாடா என்பது ஸ்பெயினில் மதவிசாரணை நடத்திச் சித்திரவதை செய்தவரின் பெயர், வாசகர்களை என்ன செய்யப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர் 1939இல் இறந்ததும் பள்ளி ஆசிரியரான மேக்நட், சிமெனீஸ் என்ற இன்னொரு விசாரணைக்காரர் பெயரோடு வந்தார். அவர்தான் நியாயம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வழி வந்தவர்கள் குறிப்புக்கு மூன்றே விதி சொல்வார்கள். சரியான பொருள் ஒன்று, அந்தச் சொல்லை எட்ட நேர்மையான இரண்டாம் வழி ஒன்று, வேறு எதுவும் கூடாது. சொல்லுக்குக் காசு வாங்கிய தந்தி அலுவலகத்தில் இருந்தவனுக்கு அந்த மூன்றாவது விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1972இல் அவர் இடத்துக்கு வந்தவர் அசெட். அதுவும் ஒரு விசாரணைக்காரர் பெயரே, ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து எழுதியது. அந்தப் புதிருக்கு விடை வரும்போது கடினமான குறிப்புகளுக்குக் காரணமும் கூடவே அச்சாகும். அவ்வளவு கடினமான புதிர் அத்தனை ஆண்டுகள் ஓடியதற்கு அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்குத் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலைச் சிபாரிசு செய்கிறேன். அதில் சித்திரகவிகள் என்ற சொல்விளையாட்டுப் பாட்டு வகைகளில் ஒன்று வினாவுத்தரம். அதற்குக் காட்டும் பாட்டின் சாரத்தை என் உரைநடையில் தருகிறேன். தாமரையில் இருப்பவள் யார்? திரு. போகிறவனை ஏவும் சொல் எது? ஏகு. போரிடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்குப் பெயர்? அம். பிறை சூடிய பெருமான் உவந்து உறையும் இடம் எது? நாலு விடையையும் கோத்துப் பாருங்கள்: திரு, ஏகு, அம்பு, அம். திருவேகம்பம்! காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில். துண்டு துண்டாக வழி, கடைசியில் பொருள். பக்கத்தில் (7) என்று போட்டு உங்கள் ஞாயிறு இணைப்பில் அப்படியே வெளியிடலாம். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பதற்குக் கரந்துறைச் செய்யுள் என்று பெயர். திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று, சீர்காழியைப் பாடிய சம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படிச் செய்தார். ஒளிப்பதும் திருப்புவதும் கோப்பதும் நம் புலவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டுகள் நமக்கு உரையோடு வந்திருக்கின்றன. உரையாசிரியர் பிரித்துக் காட்டாவிட்டால் திருவேகம்பத்தை நான் எங்கே கண்டேன்? சூத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘புரிந்தால் புரிந்துகொள்’ என்று போகிற வழக்கம் நம்மிடம் இருந்ததில்லை. நீங்கள் மட்டும் ஏன் விடைக்கட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்?

இடம் இல்லை என்பீர்கள். விளக்கத்துக்குக் கதை எழுத வேண்டாம். ‘வேலை: வேல்+ஐ, இரு பொருள்’, ‘நரகம்: நகரம் கலைந்தது’, ‘மதுரை: ம(ன்னன்)+துரை’. இவ்வளவு போதும். புதிர் முழுவதுக்கும் ஒரு பத்தி அகலத்தில் விரல் நீளத்துக்கு மேல் வராது. ஞாயிறு ராசிபலனில் ‘பொறுமை தேவை’ என்பதைப் பன்னிரண்டு ராசிக்கும் தனித்தனியாகப் போடுகிறீர்கள், அதில் இரண்டைச் சேர்த்துவிட்டால் இடம் கிடைத்துவிடும்.

விளக்கத்தை அதே ஞாயிறில் போட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் வேண்டும். புதன்கிழமை கடைத்தெருவில் நடக்கும்போது திடீரென்று உடைகிற குறிப்புக்கு ஈடு கிடையாது. பரிசும் இப்போது எல்லா விடையும் சரியாக அனுப்பியவர்களுள் குலுக்கல் முறையில் தருகிறீர்கள். ஏதாவது ஒரு குறிப்பை நீங்கள் தேர்ந்தெடுத்து, அதற்குக் காரணம் எழுதி அனுப்புகிறவருக்குத் தந்து பாருங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்துக் கட்டம் நிரப்புகிறவர்கள் தாமாகவே குறைந்துவிடுவார்கள்.

புதிர் கட்டுபவரின் சிரமமும் எனக்குத் தெரியும். தமிழில் ஒரு கட்டம் என்றால் ஒரு முழு எழுத்து. குறுக்கே போகும் சொல் ஒரு ‘கா’வைக் கொடுத்தால் நெடுக்கே போகும் சொல்லுக்கு அது பெரிய உதவி, ஆங்கிலத்தில் ஒரு கட்டம் இவ்வளவு தராது. ஆனால் புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது என்பதால், குறுக்குச் சொல்லில் மெய்யெழுத்து விழும் கட்டத்தில் அவரால் நெடுக்குச் சொல்லைத் தொடங்கவே முடியாது. நம் சொற்களிலோ மெய்யெழுத்துக்குக் குறைவே இல்லை. இதற்கு மேல் சந்தி வேறு. அவருக்கு நீங்கள் என்ன சன்மானம் தருகிறீர்களோ தெரியாது, கூட்டிக் கொடுக்கலாம். பெயரையாவது போடுங்கள், சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயர். திட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்.

மூளைக்குப் பயிற்சி, மறதி வராது என்றெல்லாம் இந்தப் புதிரை ஆதரித்து யாராவது எழுதுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இவ்வளவு காலம் போட்டும் பெட்டிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் நீளம் என்றால் நடுவில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், குறிப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு ஒற்று விழுந்தாலும் விடை கெட்டுவிடும். பாயசம் விஷயத்தில் புதிர்க்காரர் தம் தரப்பைச் சொல்ல விரும்பினால் அதையும் வெளியிடுங்கள். அவரிடம் நல்ல காரணம் இருந்தால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
கும்பகோணம்.